மாடியில் சத்தம் நின்றபோது

ஜூலை 2

வத்ஸலா இந்த நோட்டை வாங்கி வந்து மேஜைமேல் போட்டாள். "வாயைத் திறந்துதான் பேச மாட்டேள். எழுதவாவது எழுதுங்கோ" என்றாள்.

எதை எழுதுவது? கல்லூரி நூலகத்திலேயே வேலைக்காலம் முழுவதும் கழித்தவன் நான். வகை பிரிக்காமல் எனக்கு ஒரு வரியும் ஓடாது. ஆகவே இந்த வீட்டில் இருப்பவர்கள் மனத்தில் உள்ளதை எப்படி வெளியே சொல்கிறார்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றாக எழுதுவதாக உத்தேசம்.

1. சத்தம் போடுகிறவர்கள். உதாரணம், மாடியில் குடியிருக்கும் தங்கமாரி. உள்ளே இருப்பது சத்தத்தோடு வெளியே போய்விடும். நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் போதும்.

2. அழுகிறவர்கள். வத்ஸலா. காரணம் கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும்.

3. சிரிக்கிறவர்கள். தங்கமாரியோடு அறையில் இருக்கும் முப்பிடாதி. இவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

4. கட்டைவிரல் படம் அனுப்புகிறவர்கள். என் மகன் ஜனார்தன். போனில் எதை எழுதி அனுப்பினாலும் அதுதான் பதில். 'கேட்டுக்கொண்டேன், செய்கிறேன்' என்று பொருள்.

5. பேசாதவர்கள். நான். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை.

படித்துப் பார்த்தேன். ஐந்தாவது கொஞ்சம் தற்பெருமையோ? இருக்கட்டும்.

ஜூலை 4

காலையில் மாடியில் தண்ணீர் வரவில்லை. தங்கமாரி படிக்கட்டில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "மோட்டார போடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதது? சோப்பு போட்டுக்கிட்டு நிக்கேன், கண்ணு எரியுது! வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி டான்னு வேணும்!"

நான் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு மோட்டாரைப் போட்டேன். அந்த வரிசையில்தான் செய்தேன், ஏன் என்று தெரியவில்லை.

இரண்டு பெண்களும் தெற்கே தென்காசிப் பக்கம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஜனார்தனின் கம்பெனியில் ஒப்பந்த வேலை. அவன் அங்கே மனிதவள மேலாளர். மாடி காலியாக இருந்தபோது அவன்தான் இவர்களைக் குடிவைத்தான். அவன் மனைவியும் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்காகச் சென்னையில் இருக்கிறார்கள். வாரநாட்களில் இங்கே எங்களோடு இருக்கிறான்.

ஒன்று கவனித்தேன். அவன் கார் தெருமுனை திரும்பியதும் மாடியில் எல்லாச் சத்தமும் நின்றுவிடுகிறது. பேச்சு, பாட்டு, பாத்திரம் எல்லாம். யாரோ சுவிட்சை அணைத்ததுபோல.

ஜூலை 9

பக்கத்துத் தெருவில் புது ஹாஸ்டல் கட்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கும் இயந்திரம் காலையிலிருந்து இடித்துக்கொண்டே இருக்கிறது. டொம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொம். அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது.

சாயங்காலம் முப்பிடாதி வத்ஸலாவிடம் கறிவேப்பிலை கேட்க வந்தாள். வந்த இடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க மிசினும் இப்படித்தான் மாமி."

என்ன மிஷின் என்று வத்ஸலா கேட்டதும் அந்தப் பெண் ஒரு நாடகமே நடத்திவிட்டாள். இட்லித்தட்டை எடுத்து வைத்தாள். அதுதான் கீழ் அச்சு. குழவிக்கல்லைத் தூக்கிப் பிடித்தாள். அதுதான் மேலிருந்து இறங்குவது. தகட்டை உள்ளே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டுமாம். அப்போதுதான் தகட்டை அழுத்தும் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது அல்லவா? அதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"ஆனா ஒரு பட்டன்ல மரக்குச்சிய செருவி டேப்பு சுத்தி வச்சிருக்காவ. அது எப்பவும் அமுங்கியே கெடக்கும். ஒரு கையால தகட வைக்கணும், மறு கையால அமுக்கணும். அப்பந்தான் டார்கெட்டு ஏறுமாம். டபக்குன்னு வரும் மாமி, வெடுக்குன்னு கைய எடுத்துறணும்!"

இட்லித்தட்டிலிருந்து கையை இழுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வத்ஸலாவும் சிரித்தாள். நானும் புன்னகை செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். மூன்றாம் வகை.

ஜூலை 15

இரவுச் சாப்பாட்டில் ஜனார்தன் உற்சாகமாக இருந்தான். கம்பெனி வாசலில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் மூன்று முகங்கள். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் சும்மா இருக்கும், சிவப்பு முறைக்கும். வேலை முடிந்து போகிறவர்கள் அன்றைய நாள் எப்படி இருந்தது என்று ஒரு முகத்தை அமுக்கிவிட்டுப் போக வேண்டும்.

"தொண்ணூத்தெட்டு பர்சென்ட் பச்சைதான்பா. ஹெட் ஆபீஸ்ல அசந்து போயிட்டா."

முப்பிடாதியிடம் இன்று காலை இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். (நானாகப் பேச்சுக் கொடுத்தது அபூர்வம்.) "மேல கேமரா இருக்கு தாத்தா. பச்சைய அமுக்காம யாரு வாசலத் தாண்டுவா?" என்று சிரித்தாள்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். எது சரி என்று சொல்ல நான் யார்?

ஜூலை 20

கோயிலில் கோஷ்டியாகப் பாசுரம் சொன்னோம். வழக்கம்போல இரண்டாம் வரிசையில், தூண் ஓரமாக நின்றேன்.

யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்றை எழுதுகிறேன். நான் அங்கே குரல் கொடுப்பதில்லை. உதட்டை மட்டும் அசைக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு தரம் என் குரல் கோஷ்டியை விட்டுத் தனியே பிசிறிப் போயிற்று. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து உதடுதான். இன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நின்றவர், "ரங்கு, உன் உச்சரிப்பு சுத்தம்" என்றார்.

நூலகத்தில்கூட 'சத்தம் போடாதீர்கள்' என்று எனக்காகப் பலகைதான் பேசியது.

ஜூலை 24

முப்பிடாதி வேலை முடிந்து வந்ததும் நேராகச் சமையலறைக்கு வந்தாள். கையுறை ஒன்றைக் காட்டினாள். நடுவிரல் நுனி இல்லை. சீராக வெட்டியதுபோல இருந்தது.

"வெரல உள்ள நல்லா நொழைக்காம லூசா மாட்டியிருந்தேன் மாமி. துணி மட்டும் போச்சு! எங்க ஆத்தா சொல்லுவா, சோம்பேறிக்கு சாமி தொணன்னு!"

சிரித்தாள். வத்ஸலா காபி கொடுத்தாள். முப்பிடாதி சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். ஆனால் டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கும்வரை நிற்கவில்லை.

மூன்றாவது குறிப்பை மறுபடி பார்க்க வேண்டும். பயப்படுகிறவர்களும் சிரிப்பார்களோ? அவளுக்கு வேறு வழி தெரியாதோ?

ஜனார்தனிடம் சொல்ல வேண்டும். நாளைக் காலை. இட்லி வைத்ததும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 25

சொல்லிவிட்டேன்.

"பிரஸ் லைனில் ஒரு பட்டனில் குச்சி செருகி வைத்திருக்கிறார்களாம்" என்றேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"யார் சொன்னா?"

இங்கேதான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எந்தத் தகவலைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று சேர்த்துச் சொல்வது என் தொழில். கேட்டதும் பழக்கத்தில் வந்துவிட்டது. "மாடியில் இருக்கும் முப்பிடாதி. ஜூலை ஒன்பது சாயங்காலம். நேற்றும் சொன்னாள்."

"சரிப்பா. நான் பார்த்துக்கறேன்."

கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அவன் பார்த்துக்கொள்வான். மனம் இலேசாக இருக்கிறது. முழுக்க இலேசாக என்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 28

ஆடிப்பூரம். கோயிலில் நல்ல கூட்டம். முப்பிடாதியை பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டிருக்கிறார்களாம், வத்ஸலா சொன்னாள். நான் பேசியதால் ஒரு பெண்ணின் கை பிழைத்தது. சர்க்கரைப் பொங்கல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 31

முப்பிடாதியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பந்தம் முடிந்தது என்று காரணம். காலையில் வேனில் போனவளைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பையோடு இறங்கி வந்தாள். வாலாஜாபாத்தில் அக்கா வீட்டில் சில நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறாளாம். வத்ஸலா ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

முப்பிடாதி வாசலில் நின்று கேட்டாள். "நீங்கதான் சொன்னியளா தாத்தா? எச்சார் சார், 'எங்கப்பா கிட்ட என்ன கதை சொன்னே'ன்னு கேட்டாவ."

நான் உதட்டை அசைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாரோ வேறு பெண்போல இருந்தது.

ஆகஸ்ட் 1

காலையில் ஜனார்தன் சாப்பிடும்போது போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று சாயங்காலம் ஷிஃப்ட் விடும்போது பிரஸ் லைன் பெண்கள் வரிசையாகச் சிவப்பு முகத்தை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். "யார் ஆரம்பிச்சான்னு கேமராவுல பார்த்தாச்சு" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் தங்கமாரி வேனிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"முப்பிடாதிய வெரட்டிட்டு அந்த மிசின்ல என்னைய போட்டுருக்காவ! குச்சியும் அப்படியே கெடக்கு, டேப்பும் அப்படியே கெடக்கு! தாத்தா, ஒங்களுக்குத்தான் சொல்லுதேன், காது கேக்கா? ஒங்க மவன்ட்ட சொல்லுங்க! ஒரு பிள்ளய வெரட்டத் தெரிஞ்ச வாய்க்கு ஒரு குச்சிய உருவச் சொல்லத் தெரியாதா?"

வேன் டிரைவர் கண்ணப்பன் கீழே நின்று வேடிக்கை பார்த்தான். "இன்னாம்மா, பெர்சு கைல போய் கூவிக்கினு கீற? பாவம்மா அது" என்றான்.

நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏன்னா சாத்தறேள்? காத்தே இல்ல" என்றாள் வத்ஸலா. திறக்கவில்லை. சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஜனார்தனின் கார் வந்தது. நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 2

நேரில் பேச முயன்றேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். பிறகு போனில் இருந்தான். பிறகு கிளம்பிவிட்டான்.

மத்தியானம் போனில் எழுதி அனுப்பினேன். எழுத்துப்பிழை பார்த்து, மூன்று தரம் படித்து, அனுப்பினேன். 'குச்சி இன்னும் எடுக்கப்படவில்லை என்று அறிகிறேன். இப்போது அங்கே தங்கமாரி வேலை செய்கிறாள். தயவுசெய்து கவனிக்கவும். அப்பா.'

உடனே பதில் வந்தது. கட்டைவிரல்.

கேட்டுக்கொண்டான். நான்காவது குறிப்பு.

ஆகஸ்ட் 5

தங்கமாரியிடம் குச்சியை எடுத்துவிட்டார்களா என்று கேட்க நினைத்துப் படிக்கட்டுவரை போனேன். மேலே யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தாள். கத்துகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

டொம். டொம். இன்னும் எத்தனை தூண் பாக்கியோ.

ஆகஸ்ட் 11

தங்கமாரி சத்தம் போட்டுச் சில நாட்களாகிறது. இன்று காலை தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட நான் மறந்துவிட்டேன். படிக்கட்டில் சத்தத்தை எதிர்பார்த்து ஜன்னலருகே நின்றேன். கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். "தாத்தா, செத்த மோட்டார் போடுதியளா" என்றாள். அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து ஓ.டி. பார்க்கிறாளாம்.

வத்ஸலா சொன்னாள்: "பொண்ணு நன்னா அடங்கிட்டா, பார்த்தேளா?"

எனக்கு ஏன் அது நல்ல செய்தியாகத் தோன்றவில்லை?

ஆகஸ்ட் 12

கம்பெனி வேன் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணப்பன் மட்டும் இறங்கினான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார்... மேல் வூட்டு பொண்ணு துணிமணி எட்த்துக்கினு போவணும். ஆஸ்பத்திரில கீது."

எந்தக் கை என்று கேட்டேன். ஏன் அதை முதலில் கேட்டேன்?

"லெப்ட்டு. ரெண்டு வெரலு." அவன் தன் கையையே பார்த்தான். "கத்தவே இல்ல சார். அவ்ளோ வாயி பேசற பொண்ணு. வண்டில ஏத்தக்கொள்ள கூட ஒரு சவுண்டு வுடல."

வத்ஸலா மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். நான் கேட்டருகிலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 14

ஜனார்தன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். அவன் என் அறைக்கு வருவதே இல்லை.

"கேர்லெஸ்ஸா இருந்துட்டாப்பா. தூக்கக் கலக்கம். குச்சி கிச்சி எல்லாம் ஒண்ணும் இல்ல, இப்போ போய்ப் பார்த்தாலும் இருக்காது. யாராவது விசாரிச்சுண்டு வந்தா ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். என் முதுகைத் தட்டினான். "நீங்க ஒருத்தர்தான்பா இந்தாத்துல டென்ஷன் குடுக்காத மனுஷன்."

'இப்போ போய்ப் பார்த்தாலும் இருக்காது' என்றானே. அப்படியென்றால், முன்பு?

ஆகஸ்ட் 18

தங்கமாரி வந்துவிட்டாள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வத்ஸலா அழுதாள். "ஒண்ணுமில்ல மாமி, நல்லாருக்கேன்" என்றாள் அந்தப் பெண். அடக்கமாக, மரியாதையாக.

ஆகஸ்ட் 20

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஜெபகுமார் என்று ஓர் அதிகாரி வந்தார். தங்கமாரியின் வாக்குமூலம் வாங்க. எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பின்னாலேயே ஜனார்தனின் கார் வந்தது. அவன் சுவரோரம் கைகட்டி நின்றான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தங்கமாரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் கவனக்குறைவு சார். தூக்கம் கண்ண இழுத்துட்டு. மிசின்ல கொற இல்ல." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல. சொல்லிவிட்டு ஜனார்தனை ஒரு தரம் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று. அந்தப் பார்வையை நான் கண்டேன். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

எழுந்துகொள்ளும்போது மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். "நீங்க ஹவுஸ் ஓனரா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"அப்பாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். ரிடயர்டு" என்றான் ஜனார்தன்.

"தெரியும்" என்றேன்.

குரல் பிசிறிற்று. கூடத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கேட்டது. சமையலறை வாசலில் வத்ஸலா வந்து நின்றாள்.

ஒரு பட்டனில் குச்சி இருந்தது என்றேன். ஜூலை ஒன்பது முதல் எனக்குத் தெரியும் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். வாய்வரை வந்த பெயரை நிறுத்தினேன். "அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்" என்றேன். ஆதாரம் சொல்லாமல் ஒரு தகவலை நான் கொடுத்தது இதுவே முதல் தடவை.

"இதைக் கம்பெனிக்குத் தெரிவிச்சீங்களா?"

"ஜூலை இருபத்தைந்து காலை நேரில். ஆகஸ்ட் இரண்டாம் தேதி போனில்."

"யார்கிட்ட?"

டொம் என்று கேட்டது. அடுத்த டொம் வரும்வரை காத்திருந்தேன். எதற்காக என்று தெரியவில்லை.

"மனிதவள மேலாளர் ஜனார்தனிடம். என் மகன். இதோ நிற்கிறான்."

போனைத் திறந்து கொடுத்தேன். என் செய்தி இருந்தது. அதன் கீழே அந்தக் கட்டைவிரல். அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கமாரியிடம், "அம்மா, திரும்ப முதல்லேருந்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜனார்தனை வெளியே இருக்கச் சொன்னார்.

அவன் போகும்போது என்னைப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் எந்த வகை என்று எழுதியிருப்பேன். குழந்தையாக இருந்தபோது ஒரு முறை திருவிழாக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டுத் தேடினான். அந்த முகம்.

ஆகஸ்ட் 24

ஞாயிறு. ஜனார்தன் நேற்றே துணிமணிகளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். கம்பெனியில் அவனை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். 'பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா' என்று போனில் எழுதினேன். பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இல்லை. கட்டைவிரல்கூட இல்லை.

வத்ஸலா காலையிலிருந்து அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாயைத் திறங்கோன்னு நான்தானே சொன்னேன்" என்றாள். என்னைக் குற்றம் சொல்கிறாளா, தன்னையா? கேட்கவில்லை. நகரவும் இல்லை.

சாயங்காலம் படிக்கட்டில் சத்தம் கேட்டது. தங்கமாரி. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளைக்கப்புறம்!

"ஓய் தாத்தா! ஆபீசரு முன்னால அம்புட்டு பேசத் தெரியுதுல்லா? தேதி மாறாம சொல்லத் தெரியுதுல்லா? அன்னைக்கு நான் இங்கன நின்னு தொண்ட கிழியக் கத்துனனே, அப்பம் எங்க போச்சு ஒம்ம வாயி? என் வெரலு ரெண்டும் போன பொறவுதான் அது தொறக்குமோ? சொல்லும்! சன்னல சாத்தாம சொல்லும்!"

என் கை ஜன்னல் கொண்டிமேல்தான் இருந்தது. எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது.

எடுத்துவிட்டேன். ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தேன். அவள் நிறுத்தவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். எனக்கென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதியே இருந்திருக்க வேண்டும்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மற்ற நான்கைப் பற்றி இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாவதில் 'யாருக்கும் கெடுதல் இல்லை' என்று எழுதியது தவறு.